வாச்சாத்தி வழக்கு: புகார் ஏற்கப்படாத நாள்களின் விலை

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், சித்தேரி மலையின் அடிவாரத்தில் உள்ள சிற்றூர் வாச்சாத்தி. இங்கு வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் பட்டியல் பழங்குடியினரான மலையாளி சமூகத்தினர். பெயரைக் கேட்டு இவர்களைக் கேரளத்தவர் என எண்ணும் வழக்கம் கல்லூரி வளாகங்களில் இன்றும் உண்டு. 'மலையை ஆள்வோர்' என்பதே அப்பெயருக்கு இம்மக்கள் தரும் பொருள். 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகிய மூன்றையும் சேர்ந்த பெரும்படை ஒன்று, சந்தனமரக் கடத்தலைத் தேடுவதாகக் கூறி இவ்வூருக்குள் நுழைந்தது. ஆண்களில் பலர் முன்பே மலைக்குத் தப்பியிருந்தனர். எஞ்சியிருந்த பெண்கள், முதியோர், குழந்தைகள் ஊர் ஆலமரத்தடிக்கு இழுத்து வரப்பட்டுத் தாக்கப்பட்டனர். அவர்களிலிருந்து இளம்பெண்களும் சிறுமியரும் பிரிக்கப்பட்டு ஏரிப் பக்கம் கொண்டுசெல்லப்பட்டனர். 18 பேர் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டனர். வீடுகள் உடைக்கப்பட்டன, தானியம் பாழாக்கப்பட்டது, ஆடு, கோழிகள் கொன்று தின்னப்பட்டன, குடிநீர்க் கிணறுகள்கூட விட்டுவைக்கப்படவில்லை.

இவ்வளவும் பலரும் அறிந்தவையே. 19 ஆண்டுகள் கழித்துத் தண்டனை கிடைத்த வழக்கு என்ற பெருமையோடு இதைக் குறிப்பிடுவதும் வழக்கமாகிவிட்டது. அந்தப் பெருமைக்குரியவர்கள் வாச்சாத்திப் பெண்கள் மட்டுமே என்பது நமது கருத்து. நீதி அமைப்பைப் பொறுத்தவரை இவ்வழக்கு வேறொன்றைச் சொல்கிறது. தாமதம் நீதிமன்றத்தில் தொடங்கவில்லை. புகாரை ஏற்க வேண்டியவர்களே குற்றம் புரிந்தவர்களாகவும், குற்றம் புரிந்தவர்களே பாதிக்கப்பட்டோரைக் காவலில் வைத்திருப்பவர்களாகவும் இருந்த முதல் வாரங்களிலேயே அது தொடங்கிவிட்டது.

அந்த வாரங்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏரியிலிருந்து திரும்பக் கொண்டுவரப்பட்ட பெண்கள் அன்றிரவு அரூர் வனச்சரக அலுவலகத்தில் அடைத்து வைக்கப்பட்டனர். பின்னர் அவர்கள் மீதே சந்தனமரக் கடத்தல் வழக்குப் போடப்பட்டு, நீதித்துறை நடுவர் முன் நிறுத்தப்பட்டு, சேலம் சிறைக்கு அனுப்பப்பட்டனர். சிறையிலடைக்கப்பட்டவர்களில் 90 பெண்களும் 28 குழந்தைகளும் இருந்தனர். சட்டப்படி நடுவர் முன் நிறுத்துவது காவலில் இருப்பவருக்கான பாதுகாப்பு. ஆனால் நிறுத்துகிறவன் நேற்றிரவு வதைத்தவனாக இருந்தால், அவன் அருகில் நிற்கையில் எந்தப் பெண் வாய் திறப்பாள்? மருத்துவப் பரிசோதனை உரிய நேரத்தில் நடக்கவில்லை. உடல் சார்ந்த சான்றுகள் அழிந்தன. பின்னாளில் விசாரணையில் எதிர்த்தரப்பு எழுப்பிய வாதங்கள் இந்த வெற்றிடத்தின் மீதே கட்டப்பட்டன: புகார் ஏன் தாமதமானது, அடையாளம் காட்ட ஏன் இத்தனை காலம், சாட்சியங்களில் ஏன் முரண்பாடு என்று. தாமதத்தை உண்டாக்கியவர்களே தாமதத்தைத் தமக்குக் கேடயமாக்கிக் கொண்டனர்.

உண்மை வெளிவந்த வழி அரசு அமைப்பின் வழி அன்று. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினர் மலைப்பகுதிக்குச் சென்று மக்களைச் சந்தித்தனர், அச்சங்கத்தின் பெ. சண்முகம் இறுதிவரை வழக்கோடு நின்றார். மார்க்சிஸ்ட் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் அ. நல்லசிவன் உச்ச நீதிமன்றத்தையும் பின்னர் சென்னை உயர் நீதிமன்றத்தையும் நாடினார். அரசு குற்றச்சாட்டை மறுத்துக்கொண்டிருந்த வேளையில், தாழ்த்தப்பட்டோர் மற்றும் பழங்குடியினர் ஆணையத்தின் தென்மண்டல இயக்குநராக இருந்த பாமதி நேரில் விசாரித்து அளித்த அறிக்கை, புகாரில் முகாந்திரம் உள்ளது என உறுதிசெய்தது. 1995 பிப்ரவரி 24 அன்று உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. வன்முறை நிகழ்ந்து இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்பே சுதந்திரமான புலனாய்வு தொடங்கிற்று.

269 பேர் மீது குற்றப்பத்திரிகை: வனத்துறையினர் 155, காவல்துறையினர் 108, வருவாய்த்துறையினர் 6. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி மாவட்ட முதன்மை அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவர்களில் 54 பேர் உயிருடன் இல்லை. எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்மானிக்கப்பட்டனர். 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது. இந்திய வன அதிகாரிகள் நால்வரும் தண்டிக்கப்பட்டோரில் அடக்கம். மேல்முறையீடு மேலும் 12 ஆண்டுகளை விழுங்கியது. நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கு நேரில் சென்று பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று எல்லா மேல்முறையீடுகளையும் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு; அதில் பாதியைப் பாலியல் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும். அதற்குள் 18 பேரில் மூவர் இறந்திருந்தனர். 10 லட்சத்தை 31 ஆண்டுகளால் வகுத்துப் பார்க்கும் வேலையை வாசகரிடமே விடுகிறோம்.

இத்தீர்ப்பில் நாம் மிக முதன்மையாகக் கருதுவது இழப்பீட்டை அன்று. அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீது நடவடிக்கை எடுக்குமாறு நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. உண்மையான கடத்தல்காரர்களைக் காப்பாற்றவே எளிய பழங்குடிப் பெண்கள் பலியாக்கப்பட்டனர் என்ற பொருளிலும் தீர்ப்பு பேசியது. களத்தில் நின்ற காவலரோடு வழக்கை முடித்துக்கொள்ளும் நமது நீதிமுறையின் பழக்கத்திலிருந்து இது ஒரு விலகல். மூன்று துறைகள் ஒருங்கே ஓர் ஊரை அழிக்கும்போது மாவட்டத் தலைமை அறியாமல் இருந்தது என்பதை யார் நம்புவது?

1992க்குப் பின் சட்டம் வெகுவாக மாறியுள்ளது. காவல் நிலையத்தில் பழங்குடிச் சிறுமி ஒருத்திக்கு நேர்ந்த வன்கொடுமையில் காவலர்களை 1978இல் உச்ச நீதிமன்றம் விடுவித்த மதுரா வழக்கும், அதற்கெதிராக எழுந்த பெண்கள் இயக்கமும் 1983இன் திருத்தத்தைக் கொண்டுவந்தன: காவலில் நிகழும் வன்கொடுமையில், தான் இசையவில்லை எனப் பெண் கூறினால் நீதிமன்றம் அவ்வாறே அனுமானிக்கும். 2013 திருத்தத்தின்படி பாலியல் வன்கொடுமைப் புகாரைப் பதிய மறுக்கும் அலுவலர் சிறைத்தண்டனைக்கு உரியவர். பாரதிய நியாய சங்கிதையின் 199ஆம் பிரிவும் அதைத் தொடர்கிறது. இத்தகைய குற்றங்களில் அரசு ஊழியர் மீது வழக்குத் தொடர முன் அனுமதியும் தேவையில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத அரசு ஊழியரைத் தண்டிக்கிறது. 2015இல் சேர்க்கப்பட்ட 15அ பிரிவு பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு, பயணச் செலவு, வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் கருத்துரைக்கும் உரிமை ஆகியவற்றைத் தருகிறது. துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அலுவலரே புலனாய்வு செய்ய வேண்டும். 60 நாள்களில் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும்.

ஆயினும் இந்தப் பிரிவுகள் அனைத்தும் முதல் புகார் ஏற்கப்பட்ட பிறகே உயிர்பெறுகின்றன. 2018 நவம்பரில் இதே அரூர் வட்டத்தில் பழங்குடிப் பள்ளி மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாகி, சில நாள்களில் மருத்துவமனையில் உயிரிழந்தார். காவல்துறை முதலில் அதை முயற்சி வழக்காகவே பதிந்தது என்பதும், புகாரை ஏற்பதில் மெத்தனம் காட்டியது என்பதும் குடும்பத்தினரின் குற்றச்சாட்டு. வாச்சாத்தித் தீர்ப்பு வெளியாகி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. அங்கே குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் சீருடைக்காரர்கள் அல்லர். எனினும் முதல் நாள்களின் கதை மாறவில்லை.

எனவே சீர்திருத்தம் குறித்துப் பேசுவோர் விரைவு நீதிமன்றங்களோடும் கடுமையான தண்டனைகளோடும் நின்றுவிடலாகாது என்கிறோம். அரசு ஊழியர் மீதான பாலியல் புகாரில், அவரது துறைக்கும் மாவட்டத்துக்கும் வெளியிலுள்ள அலுவலரிடம் புலனாய்வு முதல் நாளிலேயே செல்ல வேண்டும். நடுவர் முன் நிறுத்தப்படும் பெண்ணை, கொண்டுவந்த காவலர் இல்லாத இடத்தில் தனியே விசாரிப்பது நடைமுறையாக வேண்டும். புகாரைப் பதிய மறுத்த அலுவலர் மீது 4ஆம் பிரிவும் 199ஆம் பிரிவும் உண்மையில் பயன்படுத்தப்பட வேண்டும். பணியிட மாற்றத்தைத் தண்டனையாகக் காட்டும் ஏமாற்று நிற்க வேண்டும்.

மாணவர்கள் உடனே கையில் எடுக்கக்கூடிய ஒரு கருவி உண்டு. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 17ஆம் விதிப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கூட வேண்டும். தருமபுரியில் அது கடந்த ஆண்டு எத்தனை முறை கூடியது, எத்தனை வழக்குகளில் 60 நாள் வரம்பு தாண்டியது, 4ஆம் பிரிவின்கீழ் யார் மீதேனும் நடவடிக்கை பரிந்துரைக்கப்பட்டதா என்பவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பெறலாம். மனுவுக்கான கட்டணம் 10 ரூபாய். பதில் தர வேண்டிய காலம் 30 நாள்கள்.