அந்த வயர் எங்கே போனது?

போன வருடம் எங்கட ஊர் சனசமூக நிலைய ஆண்டுவிழாவுக்கு வாடகைக்கு ஒரு டிஜிட்டல் மிக்சர் எடுத்தோம். மேடையில் ஒரு பெட்டி, மைதானத்தின் நடுவில் மிக்சர், இரண்டுக்கும் இடையில் ஒரேயொரு நெட்வேர்க் கேபிள். எல்லா லைட்டும் எரியுது. மைக்கில் "ஹலோ, ஹலோ" சொன்னால் சத்தம் மட்டும் இல்லை.

இருபது வருடத்துக்கு மேலாக எங்கட பக்கத்துத் திருவிழாக்களுக்கு சவுண்ட் போடுகிற அண்ணை ஒருவர் பக்கத்தில் நின்றார். குனிந்து மிக்சரின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இதில வயரே இல்லையே. நான் எதைப் பிடிச்சுப் பார்க்கிறது?"

பிழை சின்னதுதான். முன்னர் வாடகைக்கு எடுத்தவர்கள் சேமித்து வைத்த அமைப்பு அப்படியே கிடந்தது. அதன்படி முதலாவது சனல் மேடைப் பெட்டியைக் கேட்காமல், மிக்சரின் முதுகில் இருந்த வெறும் துளையைக் கேட்டுக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்க முக்கால் மணித்தியாலம் போனது. அண்ணையின் கேள்வி மட்டும் எனக்குள் நின்றுவிட்டது. உண்மையில் அந்த வயர் எங்கே போனது?

லண்டன் அபி றோட் ஸ்டூடியோவில் இருந்து தொடங்கலாம். 1960களில் பீட்டில்ஸின் பாட்டுகள் பதிவான மேசை ரெட்.51. வால்வுகளால் இயங்கியது. ஈஎம்ஐ நிறுவனத்தின் பொறியியலாளர்கள் தாங்களே வடிவமைத்தது. எட்டு மைக் உள்ளே, நான்கு தடம் வெளியே. ஒலியின் நிறத்தை மாற்றும் பகுதியை அதில் கழற்றி மாட்டலாம்: ‘பொப்’ என்று ஒன்று, ‘கிளாசிக்’ என்று ஒன்று. இசை மாறினால் பெட்டியும் மாறும். அந்தக் காலத்தில் ஒரு மிக்சரை அமைப்பது என்றால் கையால் செய்கிற வேலை.

1968இல் ட்ரான்சிஸ்டர் மேசையான டிஜி12345 அங்கே வந்தது. 24 மைக் உள்ளே, எட்டுத் தடம் வெளியே. மறுவருடம் ‘அபி றோட்’ இசைத்தட்டு அதில்தான் பதிவானது. 1970இல் றூபர்ட் நீவின் 1073 என்ற மொடியூல் வந்தது. ஒரு சனலுக்குத் தேவையான மைக் பெருக்கியும் ஈக்வலைசரும் ஒரே துண்டுக்குள். ஒன்று பழுதானால் இழுத்தெடுத்துவிட்டு இன்னொன்றைச் செருகலாம். ஒரு மைக், ஒரு வயர், ஒரு நிரை. ஒலி போகும் வழியை விரலால் தொட்டுக்கொண்டே போகலாம். எங்கட அண்ணை படித்தது இந்தப் பள்ளிக்கூடத்தில்தான்.

இந்த ஒழுங்கை டிஜிட்டல் குலைத்தது. ஒலி இப்போது எண். செக்கனுக்கு 48,000 தடவை அளந்து எழுதப்படும் எண். 1987இல் யமஹாவின் டிஎம்பி7 வந்தது. எட்டு சனல்தான். ஆனால் ஃபேடருக்கு மோட்டார் இருந்தது. சேமித்த அமைப்பைத் திரும்ப அழைத்தால் நேற்று வைத்த இடத்துக்கு ஃபேடர் தானாக ஏறி நின்றது. யோசித்துப் பாருங்கள், அந்த ஃபேடருக்குள்ளால் ஒலி போகவே இல்லை. அது கட்டளை மட்டும் கொடுக்கிறது. கையும் வயரும் பிரிந்த இடம் இதுதான்.

1995இல் வந்த 02ஆர் மிக்சரின் பின்பக்கத்தில் கார்ட் செருகும் இடங்கள் இருந்தன. எந்தப் பதிவுக் கருவியோடு இணைக்க வேண்டுமோ அதற்கேற்ற கார்டைப் போடலாம். மொடியூல் என்றால் ஒலியின் நிறம் என்றிருந்தது போய், மொடியூல் என்றால் வாசல் என்றானது.

இதற்கிடையில் கேபிளும் மெலிந்துகொண்டே வந்தது. 1991இல் மாடி என்ற தரம் 56 சனல்களை ஒற்றைக் கேபிளுக்குள் அடக்கியது. 1996இல் கோப்றாநெட், ஒலியைச் சாதாரண கணினி நெட்வேர்க்கில் ஏற்றியது. 2006இல் சிட்னியில் ஓடினேட் என்ற நிறுவனம் தொடங்கியது. அது கொண்டுவந்த டான்டேயில் எந்த மைக் எந்தக் கருவிக்குப் போவது என்பதைக் கணினித் திரையில் ஒரு கட்டத்தை அமத்தித் தீர்மானிக்கலாம்.

ஆக, வயர் தொலையவில்லை. அது ஒரு அட்டவணையாக மாறியிருக்கிறது.

அந்த அட்டவணையை அமைக்கும்போது மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். ஒலி எங்கே இருந்து வருது? எங்கே போகுது? யாருடைய தாளத்தில் போகுது? மூன்றாவதைத்தான் பலர் மறந்துபோகினம். 48,000 தடவை அளப்பதை எல்லாப் பெட்டியும் ஒரே வேகத்தில் செய்ய வேண்டும். மேளக்கச்சேரியில் ஜால்ராவோடு இரண்டு பேர் இருந்து, ஆளுக்கொரு தாளம் போட்டால் எப்படி இருக்கும்? இங்கேயும் அதேதான். மேடைப் பெட்டி ஒரு கடிகாரம், மிக்சர் இன்னொரு கடிகாரம் என்று ஓடினால் ஸ்பீக்கரில் ‘டிக், டிக்’ என்று வெடிக்கும். ஒன்று தலைமைக் கடிகாரம், மற்றவை அதைப் பின்பற்ற வேண்டும்.

இந்த வரலாற்றில் எங்களுக்கு ஒரு நட்டமும் இருக்கு. முந்தி சவுண்ட் பழகியவர்கள் கேபிள் சுற்றித்தான் பழகினார்கள். பார்த்தால் விளங்கியது. இப்போது அறிவு ஒரு ஃபைலுக்குள் கிடக்கிறது. யாரோ செய்த அமைப்பை இணையத்தில் இறக்கி ஏற்றிவிட்டு, அது வேலை செய்யும்வரை நாங்கள் கெட்டிக்காரர்கள். நின்றுபோனால் ஒன்றும் தெரியாது. மறுபக்கம், கூவல் எந்த அலைவரிசையில் எழும்புது என்று காதாலேயே சொல்லக்கூடிய அண்ணைமார் ‘இது பெடியளின்ட சாமான்’ என்று ஒதுங்கிப் போகினம். இரண்டு அறிவும் ஒன்றையொன்று சந்திக்காவிட்டால் இரண்டும் பாதிதான்.

அன்றைக்கு நிகழ்ச்சி முடிந்ததும் அந்த அண்ணை ஒரு கொப்பித் தாளை நீட்டினார். "இப்ப சொல்லு, எது எங்க போகுது?" நான் சொல்லச் சொல்லக் கோடு போட்டார். மைக் ஒன்று, பெட்டியில் ஒன்று, சனல் ஒன்று. அடுத்த நிகழ்ச்சிக்கு அந்தத் தாளை மிக்சருக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினோம். அன்றைக்கு மிக்சரை அமைத்தது அண்ணை. பக்கத்தில் நின்று பார்த்தது நான்.