காயலில் இறங்கிய குதிரைகள்

இராயபுரத்துக் கடற்கரையில் நின்று கப்பல்களை நோக்குந்தோறும் தாமிரபரணி முகத்துக் காயல் துறையே நம் நினைவுக்கு வருகிறது. 1268இல் அரியணையேறிய மாறவர்மன் குலசேகர பாண்டியனின் செல்வ நாட்டை அரபியர் 'மஅபர்', அதாவது கடக்கும் துறை, என்றனர். அந்நாளில் பாண்டியரின் அமைச்சராய்க் காயலை மேற்பார்த்தவர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான்.

கீஷ் தீவிலிருந்து ஆண்டுதோறும் 1,400 குதிரைகள். ஒன்றின் விலை 220 பொன் தீனார். கடலில் மடிந்தவற்றுக்கும் விலையுண்டு. இது பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாபின் கணக்கு. கரையேறியவையும் பேணத் தெரிந்தோரின்றி மாண்டன. குதிரை வைத்தியரை வணிகரே வேண்டுமென்று வரவிடவில்லை என மார்க்கோ போலோ எழுதியிருப்பதை நாம் மறைப்பதற்கில்லை. அரபுக் குதிரையின் பெருமை பேசும் நம்மவர் இதனைப் பேசுவதில்லை!

பின்னர் மன்னனின் மக்கள் சுந்தரனும் வீரனும் அரசுரிமைக்குப் பொருதனர். 1311இல் மாலிக் காபூர் மதுரையை அடைந்தார். அப்படையெடுப்பில் கைப்பற்றியவற்றுள் 512 யானைகளோடு 5,000 குதிரைகளும் இருந்தன என்கிறார் அமீர் குஸ்ரூ.