கரிசல் எப்போது டிசம்பரில் ஊர் சுற்றக் கிளம்பியது?

அரைப்பரீட்சையின் கடைசித் தாளை எழுதிவிட்டுப் பிள்ளைகள் வீடு திரும்பும் டிசம்பர் மாலையில், கோவில்பட்டியில் டூரிஸ்ட் வேன் கிடைப்பது குதிரைக் கொம்பு. சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் ஒரு பக்கம், மேல்மருவத்தூருக்கு இருமுடி கட்டும் செவ்வாடைக்காரர்கள் ஒரு பக்கம், ‘கிறிஸ்துமஸ் லீவு’க்குப் பிள்ளைகளைத் தீம் பார்க் கூட்டிப்போகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்ட பெற்றோர் இன்னொரு பக்கம். எல்லோரும் கேட்பது அதே வண்டியை. மதுரைக்குப் பக்கத்தில் பரவையில் இருக்கும் அதிசயமா, கன்னியாகுமரி பே வாட்ச்சா, கேரளத்துக்குள் போய்க் கொச்சி வொண்டர்லாவா என்று வீட்டுக்கு வீடு கணக்கு ஓடும். யார் யார் வருகிறார்கள், ஆளுக்கு எவ்வளவு, டிக்கெட்டை ஆன்லைனில் எடுப்பதா வாசலில் போய் எடுப்பதா, மதியச் சாப்பாட்டை என்ன செய்வது?

இதற்கெல்லாம் வயது அதிகமில்லை. கூட்டமாகக் கிளம்புவதும், மாதக்கணக்கில் திட்டம் போடுவதும், ராட்டினத்தில் சுற்றிவிட்டுத் தலைகிறுகிறுத்து இறங்குவதும் கரிசல்காட்டுக்குப் பழசுதான். டிசம்பர்தான் புதுசு. இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்பு இந்த மாதத்தில் ஊர் சுற்றக் கிளம்பலாம் என்று யாராவது சொல்லியிருந்தால், வீட்டுப் பெரியவர்கள் முதலில் வானத்தைப் பார்த்திருப்பார்கள், அப்புறம் தரையைப் பார்த்திருப்பார்கள்.

தரையில்தான் விஷயம் இருக்கிறது. கோவில்பட்டி வட்டாரத்தில் ஓராண்டில் பெய்வது ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டும். நனைந்த கரிசல் ஆளை விடாது. நடந்தால் செருப்படியில் ஒட்டும்; ஒட்டியதன் மேல் மறுபடி ஒட்டும்; பத்து எட்டு வைப்பதற்குள் கால் கனத்துவிடும். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வரப்போரத்துக் குச்சியால் பாதத்து மண்ணைச் சுரண்டிச் சுரண்டித்தான் அடுத்த ஓடைவரை போக முடியும். மாட்டுவண்டியின் பாடு இன்னும் மோசம். பட்டையைச் சுற்றி அப்பிய சேறு ஆரக்கால்வரை ஏறி, சக்கரம் உருளாமல் இழுபடும். வெயில் ஏறியபின் அதே மண் வெடித்து, பாளம் பாளமாக இறுகி, வண்டித்தடம் கல்லாகிவிடும். எனவே கரிசல் கிராமங்களில் பயணத்துக்கு நாள் குறித்தது பஞ்சாங்கம் மட்டுமில்லை, மண்ணும்தான்.

வேலையும் அப்படியே அமைந்தது. புரட்டாசியில் மானாவாரி விதைப்பு. கார்த்திகை, மார்கழியில் களையெடுப்பு. தை பிறக்கும்போது பாசியும் உளுந்தும் வீடு வரும், பின்னாலேயே கம்பும் சோளமும் வரும். பருத்தி வெடிக்கும்போது பங்குனி ஆகிவிடும். இந்த மானாவாரிச் சாகுபடியை ஆராய்வதற்கென்றே 1901-இல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. தடம் காய்வதும் கையில் நாலு காசு புரள்வதும் ஒரே காலத்தில் நேர்ந்ததால், ஊர் சுற்றும் பருவமும் அதுவே ஆயிற்று.

சுற்றுவட்டாரத் திருவிழாக்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால் இது விளங்கும். கோவில்பட்டி செண்பகவல்லி அம்பாள் கோயிலின் பெருந்திருவிழாவும் தேரோட்டமும் பங்குனியில். கழுகுமலைத் தேர் பங்குனி உத்திரத்தை ஒட்டி. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கல், அதையொட்டிய பொருட்காட்சி. இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஆடிக் கடைசி வெள்ளி. கிறிஸ்தவர்களுக்கும் கதை வேறல்ல. வீரமாமுனிவர் பணிபுரிந்த காமநாயக்கன்பட்டியில் பரலோக மாதா திருவிழா ஆகஸ்ட் 15-இல் நடக்கிறது. தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா ஆகஸ்ட் 5-இல் நிறைகிறது. கிறிஸ்துமஸை அவரவர் ஊர்க் கோயிலில், நள்ளிரவு ஆராதனையோடு கொண்டாடிவிட்டு, ஊர்விட்டு ஊர் போகும் பெரும் பயணத்தைக் காய்ந்த மாதத்துக்கு வைத்துக்கொண்டார்கள். ஐப்பசியில் வரும் திருச்செந்தூர் கந்த சஷ்டி இதற்கு விலக்கு. முருகனுக்காகச் சேற்றையும் பொறுத்துக்கொண்டார்கள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் காலத்துத் திட்டமிடலும் சாதாரணமானதில்லை. எந்த வீட்டுக் கூண்டு வண்டி, யார் வீட்டுக் காளை, எத்தனை சட்டி புளியோதரை, இரவு தங்க எந்த மரத்தடி என்று பங்காளிகள் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்த மசகை வண்டி அச்சுக்குப் போடுவார்கள். இருக்கன்குடிக்குப் போனால் வைப்பாற்று மணலில் வண்டியை அவிழ்த்துவிட்டு, அங்கேயே அடுப்புக் கூட்டி, கிடா வெட்டி, ஒரு நாள் இரண்டு நாள் குடியிருப்பார்கள்.

திருவிழாத் திடலின் ராஜா ராட்டினம். நான்கு தொட்டிலைக் கட்டி இரண்டு ஆள் கையால் தள்ளிவிடும் மரத் தொட்டில் ராட்டினம், மரக்குதிரைகள் தொங்கும் குடைராட்டினம், பின்னால் மின்சாரம் வந்ததும் ஜெயன்ட் வீல், கொலம்பஸ், மோட்டார் சைக்கிள் உறுமும் மரணக் கிணறு. கையால் சுற்றும் ராட்டினம் எங்கும் இருந்த சாமான்தான். 1620-இல் துருக்கிப் பேரரசின் ஊரொன்றில் பார்த்ததாக ஆங்கிலப் பயணி பீட்டர் முண்டி எழுதி வைத்திருக்கிறார். அதை இரும்பில் 264 அடி உயரத்துக்கு நிறுத்தி 1893 சிகாகோ கண்காட்சியில் ஓட்டியவர் ஜார்ஜ் ஃபெரிஸ். திருவிழாவுக்குத் திருவிழா இடம் மாறும் ராட்டினக்காரர்களுக்கும் பருவம் ஒன்றுதான். மழை மாதத்தில் ராட்டினம் பிரிந்து கிடக்கும். தை, மாசியில் லாரி ஏறும்.

அந்தத் திடல் எல்லோருக்கும் ஒரே மாதிரி திறந்திருந்தது என்று சொல்லிவிட முடியாது. கழுகுமலையில் தேர் வீதியில் யார் ஊர்வலம் போகலாம் என்ற தகராறு 1895-ஆம் ஆண்டு பங்குனியில் கலவரமாகி உயிர்களைக் குடித்தது. முதல் மரியாதை யாருக்கு, தேர் வடத்தை யார் தொடுவது என்ற கேள்விகள் இல்லாத திருவிழா அன்று இல்லை. தீம் பார்க்கைப் பற்றி என்ன குறை சொன்னாலும், சீட்டு வாங்கியவர் எந்தத் தெருக்காரர் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கரிசல் மக்களை அது இழுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

டிசம்பர் கடைசி வாரத்தை விடுமுறையாக இந்தப் பக்கம் கொண்டுவந்தவை கோர்ட்டும் கச்சேரியும் மிஷன் பள்ளிக்கூடமும். 1876 ஜனவரி 1-இல் மதுரை – தூத்துக்குடி ரயில் பாதை திறந்து, கோவில்பட்டி அதில் ஒரு நிலையமானது. சேறு இருந்தாலும் ரயில் ஓடும். வெள்ளைக்கார அரசு கிறிஸ்துமஸுக்கு நீதிமன்றங்களை மூடியதால், படித்தவர்கள் ஒன்றுகூட அந்த வாரமே வாய்த்தது. 1885-இலிருந்து காங்கிரஸ் மாநாடுகள் பெரும்பாலும் டிசம்பர் இறுதியில் நடந்ததன் காரணம் அதுவே. சென்னையின் மார்கழி இசை விழாவுக்கு வித்தும் 1927 டிசம்பரில் அங்கு நடந்த காங்கிரஸ் மாநாட்டையொட்டி விழுந்தது.

இந்த மண்ணில் பிறந்தவர்களின் பெயர்பெற்ற டிசம்பர் பயணமும் அந்த வரிசையில்தான் வருகிறது. எட்டயபுரத்துப் பாரதியும் ஒட்டப்பிடாரத்து வ.உ.சி.யும் 1907-இல் சூரத்துக்குப் போனார்கள். அங்கே டிசம்பர் 26 அன்று மாநாடு கூடியது. பாரதி அப்போது சென்னையில் ‘இந்தியா’ பத்திரிகையில் இருந்தார், வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நடத்திக்கொண்டிருந்தார். சென்னை மாகாணத்திலிருந்து திலகர் பக்கத்துக்கு ஆள் திரட்டிக்கொண்டு ரயிலேறிய அந்தப் பயணத்தைப் பாரதி பின்னர் ‘எங்கள் காங்கிரஸ் யாத்திரை’ என்று சிறு நூலாக்கினார். மாநாடு செருப்பு வீச்சிலும் நாற்காலி வீச்சிலும் முடிந்து, காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது. உல்லாசப் பயணத்தோடு இதை ஒப்பிடுவது பொருத்தமா என்று கேட்கலாம். ஊரையே கிளப்பி, செலவுக்குப் பணம் சேர்த்து, விடுமுறை வாரத்தைப் பார்த்து வெகுதூரம் போகும் பழக்கம் இங்கே எப்படி வேர்விட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஆனால் அது படித்தவர்களின் விடுமுறை. உழைப்பவர்களுக்கு டிசம்பர் நெருக்கடி மாதமாகவே நீடித்தது. காட்டில் களை நிற்கும். சிவகாசி அச்சகங்களில் ஜனவரி 1-க்குள் காலண்டரும் டைரியும் கடைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று இரவு பகலாக இயந்திரம் ஓடும். கோவில்பட்டி, சாத்தூர், கழுகுமலைப் பக்கத்துத் தீப்பெட்டிக் கம்பெனிகளில் ஒரு காலத்தில் பள்ளிக்குப் போகும் வயதுப் பிள்ளைகளையே குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் விட்டிருந்தார்கள். பொழுது விடியுமுன் கம்பெனி வண்டி வந்து கிராமம் கிராமமாக அவர்களை ஏற்றிப்போகும். அந்தப் பிள்ளைகளுக்கு அரைப்பரீட்சையும் இல்லை, அதன் லீவும் இல்லை. பிறகு மதிய உணவுத் திட்டமும், 1986-இன் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், ஆலைக்குள் நுழைந்த இயந்திரங்களும் அவர்களைப் பள்ளிக்குத் திருப்பின. பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் கரிசல் குடும்பங்களுக்குப் பள்ளிக்கூட விடுமுறை என்று ஒன்று வந்தது. வாரம் பத்து நாள் நீளும் கிறிஸ்துமஸ் லீவின் உண்மையான வரலாறு இங்கே தொடங்குகிறது.

பூங்காக்களும் அதே காலத்தில்தான் முளைத்தன. 1955 ஜூலையில் கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது இந்தியாவில் அப்படி ஒன்று இல்லை. டெல்லியில் அப்பு கர் வந்தது 1984-இல். மும்பை எஸ்ஸெல் வேர்ல்டு 1989-இல். தமிழ்நாட்டில் முன்னோடி, கன்னியாகுமரி மாவட்டத்து அழகப்பபுரத்திலிருந்து சென்னைக்குப் போய்த் தவணைமுறை வியாபாரத்தில் வளர்ந்த வி.ஜி. பன்னீர்தாஸ் குடும்பத்தினரின் கோல்டன் பீச். அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்க வைத்துப் பார்ப்பதற்கென்றே பள்ளிப் பிள்ளைகள் அங்கே வரிசையில் நின்றார்கள். தாம்பரத்தை அடுத்த கிஷ்கிந்தாவை 1995-இல் திறந்தவர் நவோதயா அப்பச்சன். 1984-இல் வெளிவந்த இந்தியாவின் முதல் 3டி படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ அவருடைய தயாரிப்பு. வி-கார்டு கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி 2000-இல் கொச்சியில் தொடங்கிய வீகாலேண்ட்தான் இன்றைய வொண்டர்லா. 2025 டிசம்பரில் அது திருப்போரூர் பக்கம் சென்னைக்கும் வந்துவிட்டது.

கோவில்பட்டிப் பிள்ளைகள் பலருக்கு முதல் தீம் பார்க் அனுபவத்தைக் கொடுத்தது பள்ளிக்கூடத்தின் கல்விச் சுற்றுலா. காலையில் மீனாட்சியம்மன் கோயில், மகால், காந்தி மியூசியம். மதியத்துக்கு மேல் பரவை. அல்லது மேட்டுப்பாளையத்து பிளாக் தண்டர், மறுநாள் ஊட்டி. ஒருமுறை போய்வந்த பிள்ளை வீட்டில் கிளப்பிவிட்ட ஆசைதான் பிறகு குடும்பமாக வேன் பிடிக்க வைத்தது. கன்னியாகுமரி இன்னும் எளிது. நான்குவழிச் சாலை நேரே போய் அங்கே முடிகிறது. 133 அடி திருவள்ளுவர் சிலை திறந்தது 2000 ஜனவரி 1. சிலையையும் விவேகானந்தர் பாறையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் திறந்தது 2024 டிசம்பர் 30. இரண்டு திறப்பும் விழாக்கால வாரத்திலேயே நடந்தது தற்செயலாக இருக்க முடியாது.

டிசம்பரைக் கண்டு பயந்த பெரியவர்களைத் தப்பு சொல்வதற்கும் இல்லை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலை வந்த காலையில் விவேகானந்தர் பாறையில் நூற்றுக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கரையில் தங்கள் வீடுகளை இழந்த மீனவர்களே படகெடுத்துப் போய் ஆட்களைக் கரைசேர்த்தார்கள். 2023 டிசம்பர் 17, 18-இல் தென்மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய ரயில் ஏறத்தாழ 800 பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. டிசம்பர் பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் வானிலை அறிக்கையைப் பார்க்காமல் முன்பணம் கட்டக் கூடாது.

சென்னைப் பூங்காக்களுக்குப் போவதென்றால் ரயில் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. முத்துநகரும் நெல்லையும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸும் போதாமல், 2024 ஆகஸ்ட் 31 முதல் நாகர்கோவில் வந்தே பாரத்தும் கோவில்பட்டியில் நிற்கிறது. 2024 நவம்பர் முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகச் சுருங்கிவிட்டது. டிசம்பர் 24-இல் கிளம்ப வேண்டுமானால் அக்டோபர் 25 காலை 8 மணிக்கே உட்கார வேண்டும். அது ஐப்பசி பிறந்து ஒரு வாரம் ஆன நாள். விதைத்துவிட்டு மழைக்கு அண்ணாந்து பார்க்கும் சம்சாரி, வெள்ளாமை வீடு வருமா வராதா என்று தெரியாமலே பிள்ளைகளின் சுற்றுலாவுக்குச் சீட்டெடுக்க வேண்டியிருக்கிறது. பங்குனியில் அந்தச் சிக்கல் இல்லை. வந்தது எவ்வளவு என்று தெரிந்துகொண்டுதான் அவருடைய அப்பாவும் தாத்தாவும் வண்டி கட்டினார்கள்.

வேனுக்கும் பூங்காச் சீட்டுக்கும் பணம் புரட்ட முடியாத தீப்பெட்டித் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்றும் பங்குனித் திருவிழா ராட்டினம்தான் தீம் பார்க். ஊரிலிருந்து டிசம்பரில் கிளம்புகிறவர்கள் தாராளமாகப் போய்வரட்டும். அதே அக்கறையில் கொஞ்சத்தை, ஏப்ரல் வெயிலில் ராட்டினத்துக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்கும் ஊரும் நகராட்சியும் ஒதுக்க வேண்டும். ராட்டினம் ஓடத் தொடங்குமுன் பொறியாளரின் சோதனை, திடலில் நிழல், குடிதண்ணீர், பெண்களுக்குக் கழிப்பறை. இவை நான்கையும் வருகிற பங்குனிக்குள் செய்துவிடலாம்.