பெட்டியடியிலிருந்து பயிற்சிக் கணக்கு வரை



உண்மைப் பணம் இடாமல், கற்பனைப் பணத்தைக் கொண்டு பங்குகளை வாங்கி விற்றுப் பழகுவதற்கான பயிற்சிக் கணக்குகள் இன்று மாணவர்களின் கைப்பேசிக்கும் எட்டிவிட்டன. 'டெமோ கணக்கு' என்று பலரும் அழைக்கும் இது கல்வியா, வெறும் விளையாட்டா என்னும் ஐயம் பெற்றோருக்கு எழுவது இயல்பே. இதற்கு விடை தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. தஞ்சோங் பகாரும் அதனை அடுத்த வணிகத் தெருக்களும் கண்ட வரலாறே போதிய பாடம் புகட்டுகிறது.

தஞ்சோங் பகார் கப்பல்துறை நிறுவனம் 1864ஆம் ஆண்டில் பங்கு முதலீட்டைக் கொண்டு தொடங்கப்பெற்றது. சிங்கப்பூரிலும் லண்டனிலும் இருந்த பங்குதாரர்கள் அதற்கு முதல் அளித்தனர். 1905இல் அரசாங்கம் அந்நிறுவனத்தைத் தன் உடைமையாக்கிக்கொண்டபோது, இழப்பீடு பெற்றவர்களும் அவர்களே. அத்துறைகளில் மூட்டை சுமந்தோரில் தமிழர் பலர் இருந்தனர். அவர்களுக்குக் கிடைத்தது நாட்கூலி. ஒரே துறைமுகம் ஒருவருக்குக் கூலியையும் மற்றொருவருக்கு ஈவுத்தொகையையும் ஈந்தது. இவ்வேறுபாட்டிற்குக் கையில் முதலின்மை ஒரு காரணம்; முதலீடு என்பதை அறியும் வாய்ப்பின்மை மற்றொரு காரணம் எனலாம். எனினும், இவ்வட்டாரத்தில் குடியேறிய கடையநல்லூர் மக்கள் 1946இல் உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளியை நிறுவினர். 1982 வரை இயங்கிய அப்பள்ளியே அவர்கள் செய்த பெரும் முதலீடு என்பதை நாம் மறத்தலாகாது.

தமிழருள் முதலைக் கையாளும் கலையை முறையாகப் பயின்றோரும் அருகிலேயே இருந்தனர். மார்க்கெட் ஸ்திரீட்டில் அமைந்திருந்த கிட்டங்கிகளில் நகரத்தார் வட்டித்தொழில் நடத்தினர். ஒவ்வொருவருக்கும் ஒரு மரப்பெட்டியும் கணக்கேடுகளுமே அலுவலகம். அங்குப் பணிக்கு வரும் சிறுவன் எடுத்த எடுப்பிலேயே கடன் கொடுக்க அனுமதிக்கப்படவில்லை. பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, ஏவல் செய்து, கணக்கெழுதி, வட்டி கணக்கிட்டு, வருவோர் போவோரின் நாணயத்தை உற்றுநோக்கிப் பழகினான். பின்னரே அடுத்தாள் ஆனான். அதன்பின் முதலாளியின் பணத்தை நிருவகிக்கும் மேலாள் ஆனான். பிறரது முதலைக் கொண்டு, மூத்தோரின் கண்காணிப்பில், தவறினால் திருத்தப்படும் நிலையில் பெற்ற பயிற்சி அது. தன் சொந்த முதலை இடும் நாள் வரும்போது அவனுக்குத் தொழில் தெரிந்திருந்தது. இன்றைய பயிற்சிக் கணக்கின் நோக்கமும் இதுவே அன்றோ?

இனிப் பங்குச் சந்தைக்கு வருவோம். மலாயாப் பங்குச் சந்தை 1960இல் தோன்றியது. 1973இல் மலேசியாவும் சிங்கப்பூரும் தனித்தனிச் சந்தைகளைக் கண்டன. பங்கை வாங்கி, பணம் செலுத்தவேண்டிய நாளுக்குள் விற்று, விலை வேறுபாட்டை மட்டும் கொடுத்தும் பெற்றும் தீர்க்கும் 'கான்ட்ரா' முறை இங்கு வேரூன்றியது. பின்னொரு நாளில் குறித்த விலைக்கு வாங்கிக்கொள்வதாக வாக்களிக்கும் முன்பேர ஒப்பந்தங்களும் பெருகின. 1985ஆம் ஆண்டின் இறுதியில் பான் எலெக்ட்ரிக் நிறுவனம் வீழ்ந்தபோது, அத்தகைய வாக்குறுதிகள் பல நிறைவேற்ற இயலாதவை என்பது வெளிப்பட்டது. டிசம்பர் 2 முதல் 4 வரை மூன்று நாள்கள் சிங்கப்பூர், கோலாலம்பூர்ப் பங்குச் சந்தைகள் மூடப்பட்டன. 1986இல் சட்டங்கள் இறுக்கப்பட்டன.

இங்கே ஓர் உண்மையை நாம் உணர வேண்டும். கையில் இல்லாத பணத்தை மெய்யான சந்தையில் ஆடியதே அன்றைய கேட்டிற்கு மூலம். இல்லாத பணத்திற்கு உரிய இடம் பயிற்சி ஏடே, சந்தை அன்று. அந்த எல்லைக்கோட்டை மாணவர்க்கு உணர்த்தும்போதுதான் பயிற்சிக் கணக்கு கல்வியாகிறது.

அமெரிக்கப் பள்ளிகளில் 1977ஆம் ஆண்டிலேயே பங்குச் சந்தை விளையாட்டு என்னும் பயிற்சித் திட்டம் தொடங்கியது. சிங்கப்பூரில் 1999 டிசம்பரில் பங்குச் சந்தையும் நாணய முன்பேரச் சந்தையும் இணைந்து, இன்றைய சிங்கப்பூர்ப் பரிவர்த்தனை நிலையம் உருவாயிற்று. அதன் அலுவலகம் தஞ்சோங் பகாரை அடுத்த ஷெண்டன் வேயில் அமைந்தது. 2003இல் நாணய ஆணையம் 'மணிசென்ஸ்' என்னும் நிதிக்கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. 2015 ஜனவரி வரை ஒரு தொகுதி என்பது 1,000 பங்குகள். அதன்பின் 100 பங்குகள். அதாவது 10 வெள்ளி விலையுள்ள பங்கை வாங்க முன்னர் 10,000 வெள்ளி வேண்டியிருந்தது. பின்னர் 1,000 வெள்ளி போதுமாயிற்று. எளியோர்க்கும் கதவு திறந்தது என்று மகிழலாம். ஆயத்தமின்றி நுழைவதும் எளிதாயிற்று என்பதையும் எண்ண வேண்டும்.

பயிற்சிக் கணக்கு எதைக் கற்பிக்கும்? ஆணை இடும் முறை, விலை ஏறி இறங்கும் போக்கு, ஈவுத்தொகை, ஒரே பங்கில் அனைத்தையும் இடுவதன் ஆபத்து ஆகியவற்றைக் கற்பிக்கும். எதைக் கற்பிக்காது? இழப்பின் வலியைக் கற்பிக்காது. தாளில் 5,000 வெள்ளி குறைந்தால் உறக்கம் கெடுவதில்லை. சேமிப்பில் 500 வெள்ளி குறைந்தாலே கெடும். மேலும், பல பயிற்சிக் கணக்குகள் தொடக்கத்திலேயே பெருந்தொகையை வழங்குகின்றன. அத்தொகையில் பெறும் வெற்றி வீண் துணிவையே வளர்க்கும்.

ஆதலின், பெட்டியடி முறையைப் பின்பற்றுதல் நலம். முதலாவதாக, மாணவன் பிற்காலத்தில் உண்மையில் சேமிக்கக்கூடிய தொகையையே கற்பனை முதலாகக் கொள்ளட்டும். இரண்டாவதாக, வாங்கும்முன் 'ஏன் வாங்குகிறேன்' என்பதை இரண்டு வரிகளில் தமிழிலேயே எழுதட்டும், விற்கும்போதும் அவ்வாறே. மூன்றாவதாக, தரகுக் கட்டணத்தையும் கழித்துக் கணக்கிடட்டும். நான்காவதாக, மாதம் ஒருமுறை பெற்றோரோ ஆசிரியரோ அவ்வேட்டைப் பார்வையிடட்டும். இலாபத்தைப் பாராட்டாது, காரணத்தின் தெளிவைப் பாராட்டுதல் வேண்டும். தவறான காரணத்தால் வந்த இலாபம் பின்னர்ப் பேரிழப்பிற்கு வழிகாட்டும். இவ்வாறு ஓராண்டேனும் பயின்றபின் முதலீடு செய்வதா, வேண்டாவா என்பதை அவர்களே முடிவு செய்யலாம்.

நம் நாட்டில் தம் பெயரில் பங்குக் கணக்குத் தொடங்க 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்கு முந்திய ஆண்டுகள் வீணாகும் ஆண்டுகள் அல்ல. பெட்டியடியில் அமரும் ஆண்டுகள். கூலி மட்டுமே அறிந்திருந்த தலைமுறைகளின் வழித்தோன்றல்கள் முதலையும் அறிந்து, அதன் இடரையும் அறிந்து வளர வேண்டும். அதற்கான ஏட்டைப் பிள்ளைகளின் கையில் கொடுப்பது நம் கடமை.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியர்