எல்கேஜியில் ஒளிந்திருக்கும் தோட்டம்

எல்கேஜி, யூகேஜி ஆகிய பெயர்களின் இறுதியில் நிற்கும் 'ஜி' ஒரு தோட்டத்தைக் குறிக்கிறது. 'கேஜி'யின் விரிவான கிண்டர்கார்ட்டன் என்ற ஜெர்மன் சொல்லுக்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்று பொருள். இந்தப் பெயரைச் சூட்டிய ஃபிரீட்ரிக் ஃப்ரோபெல், பிள்ளைகளை இளஞ்செடிகளாகவும் ஆசிரியரைத் தோட்டக்காரராகவும் கண்டவர். பிள்ளைகள் தாங்களே மண்ணைக் கொத்தி விதைத்து நீர் வார்க்க வேண்டும் என்பதும் அவருடைய கல்வித் திட்டத்தில் இருந்தது. சிறு பிள்ளைகள் செடி வளர்த்துத் தாவர அறிவு பெறும் வழக்கம் பள்ளிகளில் வேரூன்றியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

ஃப்ரோபெல் 1782-ல் ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். ஒரு வயது நிரம்புமுன் தாயை இழந்தார். 15 வயதில் வன அலுவலர் ஒருவரிடம் தொழில் பழகச் சென்று, இரண்டு ஆண்டுகளைக் காட்டில் மரஞ்செடிகளோடு கழித்தார். பின்னர் சுவிட்சர்லாந்தில் கல்வியாளர் பெஸ்டலோசி நடத்திய பள்ளியில் 1808 முதல் 1810 வரை தங்கி, பொருளை நேரில் கண்டு தொட்டுக் கற்பிக்கும் முறையைப் பயின்றார். 1837-ல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சிறு பிள்ளைகளுக்காக ஒரு நிலையம் தொடங்கினார். மலைப்பாதையில் நடந்து போகும்போது கிண்டர்கார்ட்டன் என்ற பெயர் அவருக்குத் தோன்றியதாக உடன் சென்ற நண்பர் பரோப் எழுதியிருக்கிறார். 1840 ஜூன் 28 அன்று அந்தப் பெயர் ஊரறிய வெளிப்பட்டது.

தோட்டம் எப்படி அமைய வேண்டும் என்று ஃப்ரோபெல் விரிவாக எழுதினார். நடுவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே ஒரு சிறு பாத்தி. அவற்றைச் சுற்றிலும் எல்லோருக்கும் பொதுவான பாத்திகள். பொதுப் பாத்திகளில் ஒரு பக்கம் பூச்செடிகள், இன்னொரு பக்கம் காய்கறியும் தானியமும். தனியாளைச் சமூகம் அரவணைத்துக் காக்க வேண்டும் என்ற கருத்தை இந்த அமைப்பே பிள்ளைக்கு உணர்த்தும் என்று அவர் நம்பினார். பாத்திதோறும் செடியின் பெயரும், பிள்ளையின் பெயரும் எழுதிய அட்டை இருக்கும்.

பொதுப் பாத்தியில் பெரியவர்களின் வழிகாட்டலோடு வேலை நடக்கும். தன் பாத்தியில் எதை நடுவது, எப்படி வளர்ப்பது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யும். முளைத்துவிட்டதா என்று பார்க்க விதையைத் தினமும் தோண்டி எடுத்தால் வேர் அறும். அளவுக்கு மீறி நீர் ஊற்றினால் விதை அழுகும். ஊற்ற மறந்தால் நாற்று வாடும். பக்கத்துப் பாத்தியில் அதே விதை தழைத்து நிற்பதைப் பார்க்கும் பிள்ளைக்குத் தன் தவறு தானாகவே புரியும். தன் தவறான பராமரிப்பிலிருந்தே பிள்ளை செடியின் இயல்பை அறிய வேண்டும் என்பதால்தான் தானே முடிவு செய்யும் உரிமையை ஃப்ரோபெல் அளித்தார். இரண்டு பாத்திகளை ஒப்பிட்டு வேறுபாட்டின் காரணத்தைத் தேடுவது அறிவியல் சோதனையின் முதல் படி.

1851-ல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்ட்டன்களைத் தடை செய்தது. நாத்திகத்தையும் சோஷலிசத்தையும் பரப்புகின்றன என்பது குற்றச்சாட்டு. ஃப்ரோபெலின் அண்ணன் மகன் கார்ல் எழுதிய நூலை ஃப்ரோபெலுடையதாக அரசு குழப்பிக்கொண்டது அதற்கு ஒரு காரணம். அடுத்த ஆண்டே ஃப்ரோபெல் காலமானார். 1860-ல் தடை நீங்கியது. அதற்குள் லண்டனிலும் அமெரிக்காவிலும் கிண்டர்கார்ட்டன்கள் தோன்றிவிட்டன.

1906-ல் லூசி லேட்டர் என்ற ஆங்கிலேய ஆசிரியை, சிறு பிள்ளைகளுக்கான பள்ளித் தோட்டம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதைப் படித்துப் பயன்கொண்டவர்களில் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியும் ஒருவர். விதைத்தவுடன் பலன் கிடைக்காது, காத்திருக்க வேண்டும், தண்ணீர் ஊற்றும் கையை நம்பியே அந்த உயிர் இருக்கிறது. இந்தப் பொறுமையையும் பொறுப்பையும் செடியே கற்றுத் தருகிறது என்று மாண்டிசோரி வலியுறுத்தினார்.

1939-ல் அவர் சென்னை அடையாறுக்கு வந்தார். இரண்டாம் உலகப் போரில் இத்தாலி எதிரணியில் சேர்ந்ததால் அவருடைய நடமாட்டத்தைப் பிரிட்டிஷ் அரசு கட்டுப்படுத்தியது. 1942 முதல் இரண்டு ஆண்டுகள் கொடைக்கானலில் வாழ்ந்தார். மகன் மாரியோவும் இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்னவும் உடனிருக்க, அந்த மலைச்சூழலில் செடிகொடிகளையும் சிற்றுயிர்களையும் பிள்ளைகளோடு சேர்ந்து ஆராய்ந்தார். பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய மாண்டிசோரி தொடக்கக் கல்வியின் இயற்கைப் பாடங்கள் பல அங்கே உருப்பெற்றன.

இன்று பல மழலையர் வகுப்புகளில் தோட்டத்தின் பெயர் இருக்கிறது, மண் இல்லை. இந்தக் குறையைத் தீர்க்கப் பெரிய நிலம் வேண்டாம். அடியில் துளையிட்ட ஒரு பழைய டப்பா, கொஞ்சம் மண், நான்கு அவரை விதை, பிள்ளையின் பெயர் எழுதிய ஓர் அட்டை இருந்தால் ஃப்ரோபெலின் பாத்தி எந்த வகுப்பறை ஜன்னலிலும் உருவாகிவிடும்.