பகல்நேரத் தொலைக்காட்சித் தொடர், சிங்கப்பூர்த் தமிழில்

சிங்கப்பூரில் தமிழ்த் தொடர்கள் முக்கியமாக இரு வழிகளில் வீடு சேர்கின்றன. ஒன்று உள்ளூர் ஒளிபரப்பு நிறுவனமான மீடியாகார்ப்பின் வசந்தம். முன்பு பிற மொழி நிகழ்ச்சிகளோடு நேரம் பகிர்ந்துகொண்டிருந்த அது, 2008 அக்டோபரில் தனி ஒளிவழியானது. மற்றது, சன் டிவி போன்ற தமிழகச் சேனல்களுக்கான கட்டணச் சந்தா.

ஈசூன் போன்ற வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) நகரங்களில் பகல் பார்வையாளர்கள் பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்களும் இல்லத்தரசிகளும்தான். இந்தியாவைவிடச் சிங்கப்பூர் நேரம் இரண்டரை மணி முந்தியது. சென்னையில் மதியம் 12 மணி என்றால் இங்கே 2.30. சமையலும் சாப்பாடும் முடிந்து, பேரப்பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பும் முன் கிடைக்கும் ஓய்வு நேரம் அது. கதவு திறந்திருந்தால் பொது நடைபாதையிலேயே தொடரில் வரும் மாமியாரின் வசனம் கேட்கும்.

அமெரிக்கப் பகல்நேரத் தொடர்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். அங்கே 72 ஆண்டுகள் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஓடிய ‘கைடிங் லைட்’ 2009இல் நின்றது. ‘டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ 2022இல் இணையத்துக்கு மாறியது. தமிழில் நிலைமை வேறு. 2002இல் தொடங்கிய ‘மெட்டி ஒலி’யை 2020 ஊரடங்கில் சன் டிவி மறுஒளிபரப்புச் செய்தது. பழைய தொடருக்கும் ஆள் இருக்கிறது.

கவலைக்குரியது உள்ளூர்த் தொடர்தான். சந்தை சிறியது; நீண்ட தினசரித் தொடர் எடுக்கப் பணமும் எழுத்தாளர்களும் வேண்டும். வசந்தத்தின் ‘வேட்டை’ போன்ற காவல்துறைத் தொடர்கள் பருவம் பருவமாக வந்தன. இன்று மீடியாகார்ப்பின் மீவாட்ச் இணையத் தளத்தில் வசந்தம் தொடர்களை விரும்பிய நேரத்தில் பார்க்கலாம். ஆனால் வீவக வீட்டின் பேச்சுத் தமிழ், தமிழகத்திலிருந்து வரும் தொடரில் கிடைக்காது. அதை இங்கேதான் எழுதியாக வேண்டும்.