கிளிமஞ்சாரோ மலையேற்றம்

ஆப்பிரிக்காவின் மிக உயர்ந்த மலையான கிளிமஞ்சாரோவின் உச்சிக்கு நடந்தே ஏறும் பயணம் இது. தான்சானியாவின் வடகிழக்கில், கென்ய எல்லையை ஒட்டி நிற்கும் இந்த மலை மூன்று எரிமலைகளால் ஆனது. ஷீராவும் மவென்சியும் அணைந்துவிட்டன. நடுவிலுள்ள கீபோ உறங்குகிறது. கீபோவின் எரிமலை வாய் விளிம்பில் 5,895 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊஹூரு சிகரமே உச்சி. வழக்கமான பாதைகளில் கயிறோ பனிக்கோடரியோ வேண்டியதில்லை. இந்த ஏற்றத்தின் வரலாறு பெரும்பாலும் உச்சியைத் தொட்டவர்களின் பெயர்ப் பட்டியலாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இந்த மலையில் வெற்றி தோல்வியை முடிவு செய்ததில் ஏறுபவரின் துணிச்சலுக்கு இருந்த பங்கைவிட, உணவும் விறகும் போர்வையும் மேலே போய்ச் சேர்ந்தனவா என்பதற்கு இருந்த பங்கு பெரிது. அவற்றைச் சுமந்தவர்கள் அடிவாரத்துச் சாகா மக்களும், கடற்கரையிலிருந்து வந்த சுவாஹிலிச் சுமையாட்களும்.

1848 மே 11 அன்று ஜெர்மானியப் பாதிரியார் யோஹான்னஸ் ரெப்மான் தொலைவில் வெண்மை படர்ந்த உச்சியைக் கண்டார். உடன் வந்த வழிகாட்டிக்கு அந்த வெண்மைக்குத் தனிச் சொல் தெரியவில்லை. அது குளிர் என்று மட்டும் சொன்னார். ரெப்மான் அதைப் பனி என்று புரிந்துகொண்டு எழுதினார். நிலநடுக்கோட்டுக்கு மூன்றே பாகை தெற்கில் பனியா என்று லண்டனில் இருந்தபடியே புவியியலாளர் டெஸ்பரோ கூலி மறுத்தார். அந்த மறுப்பு பல ஆண்டுகள் செல்லுபடியானது. அதே ரெப்மான் இன்னொரு செய்தியையும் குறித்து வைத்திருக்கிறார். சாகா அரசர் ஒருவர் மேலே மின்னுவது வெள்ளியா என்று பார்த்துவர ஆட்களை அனுப்பினார். போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை, தப்பியவர் கைகால்கள் குளிரில் சிதைந்த நிலையில் வந்தார். உள்ளூர் மக்கள் மலையை அஞ்சி விலகியே நின்றார்கள், ஏறும் எண்ணமே ஐரோப்பியர் கொண்டு வந்தது என்ற வாதத்துக்கு இந்தச் செய்தியே போதிய மறுமொழி. அவர்கள் ஏற முயன்றார்கள். குளிருக்கான உடையும் உணவும் இல்லாமல் ஏறினார்கள், அதனால் தோற்றார்கள்.

பின்னால் வந்த ஐரோப்பியர்களின் தோல்விகளும் பெரிதும் வேறுபட்டவை அல்ல. 1861இல் ஜெர்மானியப் பிரபு ஃபொன் டெர் டெக்கனும் ஆங்கிலேய நிலவியலாளர் ரிச்சர்ட் தார்ன்டனும் சுமார் 2,500 மீட்டரோடு திரும்பினர். அடுத்த ஆண்டு டெக்கன் ஓட்டோ கெர்ஸ்டனுடன் 4,200 மீட்டர் அளவுக்குப் போனார். 1871இல் சார்லஸ் நியூ பனிவிளிம்பைத் தொட்டார். லைப்சிக் நகரத்துப் பதிப்பாளர் குடும்பத்தைச் சேர்ந்த ஹான்ஸ் மேயர் 1887இல் பனிச்சுவர் வரை போய், அதைக் கடக்கும் கருவிகள் இல்லாமல் இறங்கினார். 1888இல் மீண்டும் புறப்பட்டபோது, கடற்கரையில் மூண்ட அபுஷிரி கிளர்ச்சியில் அவர் சிறைப்பட்டதால் அந்தப் பயணம் மலைக்கே போய்ச் சேரவில்லை. 1889இல் அவர் இரண்டு மாற்றங்கள் செய்தார். ஆஸ்திரிய மலையேறி லுட்விக் புர்ட்ஷெல்லரைத் துணை சேர்த்தார் என்பது எல்லா நூல்களிலும் உண்டு. மற்றொன்றே முதன்மையானது என்பேன். அடிவாரத்து மராங்குவில் கீழ்முகாம், காட்டுக்கு மேலே நடுமுகாம், சுமார் 4,300 மீட்டரில் மேல்முகாம் என்று படிப்படியாக அமைத்து, சில நாட்களுக்கு ஒருமுறை கீழிருந்து உணவும் விறகும் மேலே வரும்படி ஏற்பாடு செய்தார். பங்கானியைச் சேர்ந்த முவினி அமானி என்ற சுமையாள் மேல்முகாமில் அவர்களோடேயே தங்கினார். அக்டோபர் 3 அன்று முதல் முயற்சி எரிமலை வாயின் விளிம்போடு நின்றது. முந்தைய பயணங்களாக இருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். கையில் உணவு இருந்ததால் அவர்கள் காத்திருந்து, அக்டோபர் 6 அன்று மீண்டும் ஏறி உச்சியை அடைந்தனர். அதற்கு ஜெர்மானியப் பேரரசர் வில்ஹெல்மின் பெயர் சூட்டப்பட்டது.

சுமையாட்களின் பங்கு ஐயமான ஒரு கதையை நம்பியே நிற்கிறது என்று இங்கே ஒரு தடை எழுப்பப்படுவதுண்டு. மராங்குவைச் சேர்ந்த யோஹானி கின்யாலா லாவுவோ மேயரோடு உச்சிவரை போனார் என்று 1989 நூற்றாண்டு விழாவையொட்டிப் பரவலாகச் சொல்லப்பட்டது. ஆனால் மேயரின் நூல் அவரை உச்சியில் வைத்துச் சொல்லவில்லை. லாவுவோ 1996இல் இறந்தபோது வயது 125 என்றார்கள்; உறுதிசெய்யப்பட்ட மிக நீண்ட மனித வாழ்நாளோ 122 ஆண்டுகள். ஆகவே அந்தக் கூற்றை ஐயத்துக்கு உரியதாகவே வைக்க வேண்டும், பெருமைக்காக அதை வலிந்து நிலைநாட்டத் தேவையில்லை. சுமையாட்களின் பங்கு அந்த ஒரு பெயரைப் பிடித்துத் தொங்கவில்லை. முகாம்களும் மேலேறி வந்த உணவும் முவினி அமானியும் மேயரே தம் கையால் எழுதி வைத்தவை. எதிர்த்தரப்பின் முதல் சாட்சியே நம் தரப்புக்கு உதவுகிறது.

மேயருக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் பலர் முயன்றும் உச்சியை மீண்டும் தொட்டது 1909இல்தான். 1912இல் எடுவர்ட் ஓலரும் ஃபிரிட்ஸ் க்ளூட்டேயும் செங்குத்தான மவென்சியில் முதன்முதலாக ஏறினர். 1927இல் ஷீலா மெக்டொனால்டு ஊஹூரு உச்சியை எட்டிய முதல் பெண்ணானார். மராங்குப் பாதையில் தங்குகுடில்கள் எழுந்தபின் மலை பலருக்கும் திறந்தது. இன்று 2,700 மீட்டரில் மண்டாராவும் 3,720 மீட்டரில் ஹொரோம்போவும் 4,700 மீட்டரில் கீபோவும் அந்தக் குடில்கள். 1961 டிசம்பர் 9 அன்று தாங்கனீக்கா விடுதலை பெற்றபோது படை அதிகாரி அலெக்சாண்டர் நியிரெண்டா உச்சியில் புதிய கொடியை நட்டுத் தீப்பந்தம் ஏற்றினார். பேரரசரின் பெயர் நீங்கி, சுவாஹிலியில் விடுதலையைக் குறிக்கும் ஊஹூரு அமர்ந்தது. 1973இல் தேசியப் பூங்காவும் 1987இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதியும் வந்தன. இதற்கிடையே மலையே மாறிவிட்டது. மேயரும் புர்ட்ஷெல்லரும் பனியில் படி வெட்டி ஏறினார்கள். 1912இல் இருந்த பனிப்பரப்பில் சுமார் 85 விழுக்காடு 2007க்குள் மறைந்துவிட்டதால், இன்று ஏறுபவர் பனியில் கால் வைக்காமலேயே உச்சிக்குப் போய்விட முடிகிறது.

பனி போனபின் எஞ்சிய தடை காற்று மட்டுமே. உச்சியில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. உடல் இதற்குப் பழக நாட்கள் வேண்டும். விரைந்து ஏறினால் தலைவலியும் வாந்தியும் வரும், முற்றினால் நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்து உயிர் போகும். வழிகாட்டிகள் ஓயாமல் ‘போலே போலே’, மெல்ல மெல்ல, என்பது இதனால்தான். ஐந்து நாள் பயணத்தைவிட ஏழெட்டு நாள் பயணத்தில் உச்சியை அடைவோர் அதிகம். நாட்கள் கூடினால் கூடாரமும் அரிசியும் எரிவாயுவும் கூடும், முதுகுகளும் கூடும். ஆக, இன்றும் உயரத்துக்குப் பழகும் காலத்தை வாங்கித் தருவது சுமைதான். 1889இல் மேயர் கண்ட உண்மை இன்னும் மாறவில்லை.

சுமையாட்கள் கூலி பெறுகிறார்கள், விரும்பி வருகிறார்கள், அதைத் தனியாகக் கொண்டாடுவானேன் என்று கேட்கலாம். கூலி பெறுவது உண்மை, பல குடும்பங்கள் அதில்தான் வாழ்கின்றன என்பதும் உண்மை. ஆனால் கூலி கொடுத்ததால் ஒருவரின் உழைப்பு வரலாற்றிலிருந்து நீங்கிவிடாது. புர்ட்ஷெல்லரும் மேயரின் அழைப்பில் வந்தவர்தான், அவர் பெயரை யாரும் விட்டுவிடவில்லை. மேலும், மெல்லிய மேலாடையோடும் தேய்ந்த காலணியோடும் மேலே போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குளிருடையும் முறையான ஊதியமும் வேண்டும் என்று 2003 முதல் கிளிமஞ்சாரோ சுமையாளர் உதவித் திட்டம் பாடுபட்டு வருகிறது. ஏறப்போகிறவர்கள் பயண நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்குமுன் அதன் சுமையாட்கள் எங்கே உறங்குகிறார்கள், என்ன உண்கிறார்கள் என்று கேட்க வேண்டும். பூங்கா விதிப்படி ஒருவர் தூக்கும் சுமை 20 கிலோவைத் தாண்டக் கூடாது. மலை வாயில்களில் அது தராசில் ஏற்றி நிறுக்கப்படுகிறது.